சாயம் கூடக் கூட ஒளி குறைந்தது ஏன்?



சென்ற மாதம் நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 'ஒளிரும் தண்ணீர்' என்று பெரிய எழுத்தில் அட்டை வைத்துவிட்டு, சிறப்பு விருந்தினர் வந்து நின்றபோது ஒளிராமல் போன மேசை ஒன்று இருந்ததே, அது எங்களுடையதுதான். "என்னாச்சு, கரண்ட் போச்சா?" என்று ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அன்று அந்த மேசையில் நான் சொன்ன ஒரு காரணம் தவறு. அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை. அறிவியலும் இருக்கிறது, கடைசி வரை படியுங்கள்!

அன்று நடந்தது

எங்கள் வேதியியல் டீச்சர், தாம் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த காலத்தில் இருந்து ஒரு சின்னக் குப்பியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் இருந்தது 'ரோடமின் 6ஜி' என்ற சாயம். குண்டூசித் தலையளவு எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் போட்டால் போதும். வெறும் கண்ணுக்கு லேசான ரோஜா நிறம். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச்சை அடித்தால், பீக்கர் முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கலந்தாற்போல் பளிச்சென்று ஒளிரும். சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை பார்த்தபோது வகுப்பே கை தட்டியது.

கண்காட்சியில் கரைசல் தயாரிப்பது என் தோழியின் வேலை. விளக்கம் சொல்வது என் வேலை. காலையில் இருந்து எல்லாம் நன்றாகவே போனது. விருந்தினர் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார் என்றதும் எனக்கு ஒரு பேராசை. "இன்னும் கொஞ்சம் போடுடி, இன்னும் நல்லா ஒளிரட்டும்" என்றேன். அவள் "இது போதும்டி" என்றாள். நான் விடவில்லை. ஸ்பேட்டுலாவால் இரண்டு தடவை அள்ளிப் போட வைத்தேன்.

தண்ணீர் இரத்தச் சிவப்பானது. டார்ச்சை அடித்தால் பீக்கரின் ஓரத்தில் மட்டும் ஏதோ மங்கலாக ஒரு ஆரஞ்சுத் தீற்றல். மற்றபடி இருட்டு. விருந்தினர் என்னைப் பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ பீக்கரைச் சரியாக் கழுவல சார், அதான் சாயம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த ஒன்பது நாளும் என்னோடு பேசவில்லை.

சாயம் எப்படி ஒளிர்கிறது?

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒளி என்பது சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. அவற்றைப் போட்டான் என்கிறோம். அலைநீளம் குறைந்தால் ஆற்றல் அதிகம். ஊதா, நீல ஒளிகள் அப்படி. அலைநீளம் கூடினால் ஆற்றல் குறைவு, சிவப்பு அப்படி. இதை நம் இயற்பியல் பாடத்திலேயே படித்திருக்கிறோம்.

சாய மூலக்கூறு தனக்குப் பொருத்தமான ஆற்றல் உள்ள போட்டானை மட்டுமே விழுங்கும். இதற்கு உட்கவர்தல் என்று பெயர். தண்ணீரில் தனித்தனியாக இருக்கும் ரோடமின் 6ஜி மூலக்கூறுகள் ஏறத்தாழ 527 நானோமீட்டர் பச்சை ஒளியை மிக அதிகமாக உட்கவர்கின்றன. ஊதா ஒளியையும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். விழுங்கியதும் மூலக்கூறு மேல்படிக்கு ஏறுகிறது. அங்கே கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மேல்படியின் அடிமட்டத்துக்கு வந்து, ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் கீழே குதிக்கிறது. குதிக்கும்போது ஏறத்தாழ 550 நானோமீட்டர் ஒளியாக மீதி ஆற்றலை வெளியே விடுகிறது. இதுதான் உடனொளிர்தல். வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைத்துத் திருப்பிக் கொடுப்பதால்தான் வெளிவரும் ஒளியின் அலைநீளம் எப்போதும் கூடுதலாக இருக்கிறது.

எத்தனாலில் கரைத்த ரோடமின் 6ஜி இந்த விஷயத்தில் பெரிய யோக்கியன். 100 போட்டான்களை விழுங்கினால் ஏறத்தாழ 95 போட்டான்களைத் திருப்பிக் கொடுத்துவிடும்!

கணக்குப்படி என்ன நடந்திருக்க வேண்டும்?

பூகே என்ற பிரெஞ்சுக்காரர் 1729-லும், லாம்பர்ட் 1760-லும், பீர் 1852-லும் கண்டறிந்து சொன்னவற்றைச் சேர்த்து பீர்-லாம்பர்ட் விதி என்கிறோம். ஒளி போகும் பாதையில் எத்தனை மூலக்கூறுகள் எதிர்ப்படுகின்றனவோ, அதைப் பொறுத்தே உட்கவர்தல் அமையும் என்பது அதன் சாரம். செறிவு இரண்டு மடங்கானால் உட்கவர்தல் அளவும் இரண்டு மடங்கு.

இதை வேறு விதமாகவும் சோதிக்கலாம். ஒரு அளவுசாடியில் கொஞ்சம் வண்ணக் கரைசலை ஊற்றி, கீழே வெள்ளைத் தாள் வைத்து, மேலிருந்து பாருங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி உயரத்தை ஐந்து மடங்காக்கிக் கலக்கிவிட்டு மறுபடி மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் நிறம் வெளுத்துத் தெரியும். ஆனால் மேலிருந்து பார்த்தால் அதே நிறம்! ஏனென்றால் செறிவு ஐந்தில் ஒன்றாகிவிட்டது, பாதை ஐந்து மடங்காகிவிட்டது. கண்ணுக்குக் கீழே இருக்கும் மூலக்கூறுகள் அதே எண்ணிக்கைதான். நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் நானே செய்து பார்த்தேன். அழகாக வருகிறது.

இந்த விதியில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை உண்டு. 'கூட்டத்தில் இருந்தாலும் ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக இருப்பது போலவே நடந்துகொள்ளும்' என்று அது எடுத்துக்கொள்கிறது. பெர்மாங்கனேட் அப்படி நடந்துகொள்கிறது. சாயங்கள் பல சமயம் அப்படி நடந்துகொள்வதில்லை. அங்கேதான் நான் மாட்டினேன்.

பீக்கர் கழுவியபோது...

கண்காட்சி முடிந்த மறுநாள், டீச்சர் எங்கள் இருவரையும் லேபுக்கு வரச் சொன்னார்கள். "பீக்கர்தான் காரணம்னா, கழுவிட்டு மறுபடி செய்யுங்க" என்றார்கள். தோழி ஒரு பீக்கரை மூன்று முறை கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசி, அதே அளவு சாயத்தைப் போட்டாள். அதே இருட்டு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "சாயம் அதிகமா இருக்கிறதால வெளிச்சம் உள்ளே போகல, அவ்வளவுதான்" என்று வேறு காரணம் சொன்னேன்.

அது பாதி உண்மை. அடர்ந்த கரைசலில் முன்பக்கத்து மூலக்கூறுகளே ஒளி முழுவதையும் விழுங்கிவிடும். பின்னால் இருப்பவற்றுக்கு எதுவும் கிடைக்காது. ஓரத்தில் மட்டும் தீற்றலாகத் தெரிந்தது அதனால்தான். ஆனால் ஒளி விழுந்த அந்த ஓரமாவது பளிச்சென்று இருந்திருக்க வேண்டுமே! அதுவும் மங்கலாகத்தானே இருந்தது?

விடையைக் கண்டுபிடித்தது தோழிதான். கரைசலைக் கொட்டிய பிறகு பீக்கரின் அடியில் கொஞ்சம் கெட்டியான சாயம் ஒட்டியிருந்தது. தண்ணீரில் போகவில்லை என்று லேபில் இருந்த ஸ்பிரிட்டைக் கொஞ்சம் ஊற்றினாள். டார்ச் மேசையில் எரிந்துகொண்டே கிடந்தது. ஸ்பிரிட் பட்டதும் அந்தச் சாயம் குப்பென்று ஒளிர்ந்தது! "டீச்சர், இங்க பாருங்க!" என்று அவள் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது.

உடனே முறையாகச் செய்து பார்த்தோம். இரண்டு சோதனைக் குழாய்கள். இரண்டிலும் ஒரே அளவு சாயம். ஒன்றில் 10 மில்லி தண்ணீர், மற்றதில் 10 மில்லி ஸ்பிரிட். டார்ச் அடித்தால் தண்ணீர்க் குழாய் மங்கல், ஸ்பிரிட் குழாயின் முன்பக்கம் பிரகாசம். மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். ஒளி உள்ளே போகாதது மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். எனவே என் இரண்டாவது காரணமும் அடிபட்டுப் போனது. பீக்கர் அழுக்கும் இல்லை, வெறும் செறிவும் இல்லை. தண்ணீருக்குள் அந்த மூலக்கூறுகள் வேறு ஏதோ செய்கின்றன!

தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும் தட்டுகள்

ரோடமின் மூலக்கூறு உருண்டை அல்ல. பென்சீன் வளையம் போன்ற வளையங்கள் ஒட்டிய தட்டையான உடல் அதற்கு. தோசைக்கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தட்டைப் பரப்புக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. தண்ணீர் மூலக்கூறுகளுக்கோ தங்களுக்குள் கைகோத்துக்கொள்வதுதான் பிடிக்கும். அதனால் இரண்டு தோசைக்கல்கள் எதிர்ப்பட்டால் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் படும் பரப்பு பாதியாகிவிடுகிறதல்லவா! தட்டையான இரு உடல்களுக்கு இடையே உள்ள வாண்டர் வால்ஸ் ஈர்ப்பும் இதற்குத் துணை செய்கிறது.

இரண்டு சேர்ந்தால் இருபடி. பல சேர்ந்தால் திரள். சாயம் குறைவாக இருக்கும்போது ஒன்றையொன்று சந்திப்பதே அரிது, அதனால் எல்லாம் தனித்தனியாக இருக்கும். செறிவு கூடினால் ஜோடிகளும் கூடும். தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்தால் மறுபடி பிரிந்துவிடும். வேதியியல் சமநிலைப் பாடத்தில் படித்த அதே லீ சாட்லியர் கதைதான். ஸ்பிரிட்டில் இருக்கும் எத்தனாலுக்கு எண்ணெய்த் தன்மையும் கொஞ்சம் உண்டு. தட்டையான பரப்பை அது வெறுப்பதில்லை. அதனால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

சரி, ஒட்டிக்கொண்டால் ஒளி ஏன் மாற வேண்டும்? இதுதான் முக்கியமான கேள்வி.

இரண்டு காந்தங்களை எடுத்துக்கொள்வோம்

ஒளி பட்டதும் சாய மூலக்கூறில் எலக்ட்ரான் மேகம் நீளவாக்கில் இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. ஒரு கணம் ஒரு முனை நேர், மறுமுனை எதிர். மறுகணம் தலைகீழ். அதாவது மின் இருமுனை ஒன்று ஆடுகிறது. பக்கத்தில் இன்னொரு மூலக்கூறு ஒட்டியிருந்தால் அதிலும் இதே ஆட்டம். ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொடாமல் விடுமா? ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஊஞ்சல்கள் மாதிரி இரண்டும் சேர்ந்தே ஆடும். சேர்ந்து ஆட இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒரே திசையில் ஆடலாம்; அல்லது ஒன்று போக மற்றது வர, எதிரெதிராக ஆடலாம்.

இதில் ஒளியால் ஒரே திசை ஆட்டத்தை மட்டுமே கிளப்ப முடியும். காரணம் எளிது. ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் போல. மூலக்கூறின் நீளமோ ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். அவ்வளவு பெரிய அலைக்கு இந்த இரண்டு மூலக்கூறுகளும் ஒரே இடத்தில் இருப்பது போல. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம்தான் அதனால் தள்ள முடியும்.

இப்போது இயற்பியல் லேபில் இருந்து இரண்டு சட்டக்காந்தங்களைக் கொண்டு வாருங்கள்.

முதல் அமைப்பு: காந்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில், வடமுனை இரண்டும் ஒரே பக்கம் இருக்கும்படி வையுங்கள். தள்ளிக்கொள்கின்றன அல்லவா? பிடித்து வைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். இட்லித் தட்டுகள் போல நேராக அடுக்கிய சாய மூலக்கூறுகளின் நிலையும் இதுவே. ஒரே திசை ஆட்டத்துக்குக் கூடுதல் ஆற்றல் தேவை. எனவே உட்கவரும் ஒளி அலைநீளம் குறைந்த பக்கமாக, அதாவது நீலத்தின் பக்கமாக நகர்கிறது. ரோடமின் 6ஜி இருபடி உட்கவர்வது 527-இல் இல்லை, ஏறத்தாழ 500 நானோமீட்டரில். இத்தகைய அடுக்கை எச் திரள் என்கிறார்கள்.

ஒளி ஏன் வெளிவருவதில்லை? ஒரு காந்தத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எதிரெதிர் ஆட்டம் அப்படித்தான். அதற்கு ஆற்றல் குறைவு, எனவே அது கீழ்ப்படி. ஒளியை வாங்கி மேல்படிக்கு ஏறிய ஜோடி, கண் மூடித் திறப்பதற்குள் இந்தக் கீழ்ப்படிக்கு வழுக்கி விழுந்துவிடுகிறது. அங்கே ஒன்றின் ஆட்டத்தை மற்றது அழித்துவிடுவதால் ஒளியை வெளியிட முடிவதில்லை. வாசல் பூட்டிய வீடு! உள்ளே மாட்டிக்கொண்ட ஆற்றல் மெல்ல வெப்பமாகிப் போகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஜோடி சேராத மூலக்கூறுகளும் தப்பிப்பதில்லை. நெருக்கமான கரைசலில் ஒரு மூலக்கூறு பெற்ற ஆற்றல், பக்கத்து மூலக்கூறுக்குத் தொடாமலேயே தாவும். இப்படித் தாவுவதற்கான கணக்கை 1940-களில் ஜெர்மனியின் பார்ஸ்டர் எழுதினார். தாவித் தாவிப் போகும் வழியில் ஒரு ஜோடி எதிர்ப்பட்டால் ஆற்றல் அதில் விழுந்து அணைந்துவிடும். அதனால் ஜோடிகள் கொஞ்சமாக இருந்தாலும் மொத்தக் கரைசலும் மங்குகிறது.

இரண்டாவது அமைப்பு: காந்தங்களை ஒரே வரிசையில், ஒன்றின் வடமுனை அடுத்ததன் தென்முனையைப் பார்க்கும்படி வையுங்கள். இழுத்துக்கொள்கின்றன. இங்கே ஒரே திசை ஆட்டத்துக்குத்தான் ஆற்றல் குறைவு. வீட்டுக் கூரையில் ஓடு வேய்வது போல, மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று நன்றாகச் சரிந்து அடுக்கினால் இந்த நிலை வரும். உட்கவர்தல் சிவப்பின் பக்கம் நகரும். கீழ்ப்படியே ஒளி வந்துபோகும் வாசலாக இருப்பதால் ஒளிர்தல் கெடுவதில்லை. இதற்கு ஜே திரள் என்று பெயர்.

சரிவு எவ்வளவு இருந்தால் ஒன்று மற்றதாக மாறும்? கணக்கில் 54.7° என்று வருகிறது. மூலக்கூறின் நீளத்துக்கும், இரண்டு மூலக்கூறுகளின் மையங்களை இணைக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் இது. இதைவிடக் கோணம் அதிகமானால் எச், குறைந்தால் ஜே. ஒரே சாயம், ஒரே எண்ணிக்கை. எப்படி அடுக்கி நிற்கிறது என்பது மாறினாலே நிறமும் ஒளியும் மாறிவிடுகின்றன! இந்தக் கணக்கை 1960-களில் தெளிவாக எழுதி வைத்தவர் அமெரிக்காவின் மைக்கேல் காஷா.

மறைக்காமல் எழுதிய இருவர்

ஜே என்ற எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்வின் ஜெல்லி என்பவரின் பெயரில் இருந்து. சூடோஐசோசயனின் என்ற சாயத்தைத் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்துப் பார்த்தார் அவர். தனி மூலக்கூறு உட்கவர்வது ஏறத்தாழ 525 நானோமீட்டரில். அடர்ந்த கரைசலிலோ ஏறத்தாழ 572 நானோமீட்டரில், கத்தி முனை போல ஒடுங்கிய புதிய பட்டை ஒன்று முளைத்திருந்தது. ஒளிர்தலும் நன்றாக இருந்தது. எத்தனாலில் கரைத்தால் அந்தப் பட்டை இல்லை. அதே காலத்தில் ஜெர்மனியில் குந்தர் ஷைபே என்பவரும் தனியாக இதையே கண்டார். இருவரும் 1936-ல் இதுபற்றி எழுதினார்கள்.

பீர்-லாம்பர்ட் விதிப்படி வரக் கூடாத பட்டை அது. "பாத்திரம் அழுக்கு, உதவியாளர் சரியில்லை" என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால் நமக்கு இந்தப் பாடமே கிடைத்திருக்காது. டீச்சர் இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

உங்களுக்குத் தெரியுமா?

★ புகைப்படச் சுருளில் இருக்கும் வெள்ளி உப்புகளுக்கு இயல்பாக நீல, ஊதா ஒளிதான் நன்றாகத் தெரியும். சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று 1873-ல் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார். பின்னாளில் வண்ணச் சுருள்களில் ஜே திரளாகும் சாயங்களே இந்த வேலைக்குப் பெரிதும் பயன்பட்டன.

★ 1970-ல் கோடாக் ஆய்வகத்தில் பீட்டர்சன், டூச்சியோ, ஸ்னேவ்லி ஆகிய மூவரும் இடைவிடாமல் ஒளி தரும் முதல் சாய லேசரை இயக்கினார்கள். அவர்கள் பயன்படுத்தியது எங்கள் கதாநாயகன் ரோடமின் 6ஜி தான்! தண்ணீரில் அது ஜோடி சேராமல் இருக்க, சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருளையும் கலந்தார்கள். சோப்பு மூலக்கூறுகள் சாயத்தைச் சூழ்ந்து ஒன்றையொன்று ஒட்ட விடாமல் செய்துவிடும்.

★ பச்சைக் கந்தக பாக்டீரியா என்ற நுண்ணுயிரிக்குள் பச்சைய வகை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஜே திரள் போல அடுக்கப்பட்டுள்ளன. அதனால் மிக மங்கிய ஒளியையும் அது பிடித்துவிடும். கருங்கடலில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில்கூட இவ்வகை உயிர்கள் வாழ்கின்றன.

★ தனியாக இருந்தால் மங்கி, திரண்டால் பளிச்சென்று ஒளிரும் சாயங்களும் உண்டு! தனியாக இருக்கும்போது இவற்றின் வளையங்கள் சுழன்று சுழன்றே ஆற்றலை வீணாக்கும். நெருக்கத்தில் சுழல இடமில்லாததால் அந்த ஆற்றல் ஒளியாக வரும். 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் இதை வெளியிட்டார்கள்.

★ 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கிறதா? மாதிரிகளில் கண்டறியப்பட்டது ரோடமின் பி, அதாவது எங்கள் சாயத்தின் நெருங்கிய உறவுக்காரன். பார்க்க அழகு, ஆனால் வாயில் வைக்கக் கூடாது.

நீங்களும் செய்து பாருங்கள்

ரோடமின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உயிரியல் லேபில் இருக்கும் மெத்திலீன் நீலம் போதும். அதன் தனி மூலக்கூறு ஏறத்தாழ 664 நானோமீட்டரில் உட்கவரும். இருபடியானால் ஏறத்தாழ 610-க்கு நகர்ந்துவிடும்.

1. ஆசிரியரிடம் கேட்டு 1 மில்லி மெத்திலீன் நீலச் சாயக் கரைசலை வாங்கி, 10 மில்லியாக நீர்க்கச் செய்யுங்கள். இது அடர்ந்த கரைசல்.

2. இதில் ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையின் மேல் விட்டு, மேலே மூடுவில்லை வைத்து அழுத்துங்கள். மெல்லிய படலம் கிடைக்கும்.

3. மீதியில் 1 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, உயரமான சோதனைக் குழாயில் ஊற்றுங்கள்.

4. வெள்ளைத் தாளின் மேல் வைத்து, படலத்தையும் குழாயையும் மேலிருந்து பாருங்கள். நிறத்தின் அழுத்தம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அதை விடுங்கள். நிறம் எந்த வகை என்று மட்டும் கவனியுங்கள்.

எங்களுக்குக் குழாயில் தெளிவான வானநீலம் தெரிந்தது. படலத்தில் கத்திரிப்பூ சாயல் கலந்த நீலம். விதிப்படி பார்த்தால் நிறத்தின் வகை மாறவே கூடாது. மாறியது என்றால், அடர்ந்த கரைசலில் மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்துவிட்டன என்று பொருள். பெர்மாங்கனேட்டில் இப்படி வராது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை: கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெத்திலீன் நீலம் சீருடையில் பட்டால் அம்மாவிடம் திட்டு நிச்சயம். ஊதா டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள். ஸ்பிரிட் இருக்கும் மேசையில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை

கண்காட்சி மேசையில் அன்று மூன்று தவறுகள் நடந்தன. போதும் என்றவளை இன்னும் போடச் சொன்னது நான். சோதித்துப் பார்க்காமல் காரணம் சொன்னது நான். அந்தக் காரணத்தை அவள் தலையில், அத்தனை பேர் முன்னால் போட்டதும் நான்தான். பீக்கர் சுத்தமாகவே இருந்தது. அவள் கரைத்த கரைசலில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் நெருக்கினால் ரோடமின் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே அது நடந்துகொண்டது.

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழி சொன்னது எல்லோர் முன்னிலையிலும். திருத்துவது மட்டும் ரகசியமாக இருந்தால் நியாயமா? அதனால்தான் பிரேயர் முடிந்து எல்லோரும் கடந்து போகும் இந்தச் சுவரில் எழுதுகிறேன். அன்று எங்கள் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

தோழியே, என்னை மன்னித்துவிடு.

இதை எழுதி முடித்துப் பிழை திருத்த அவளிடமே கொடுத்தேன். பத்தாவது நாள் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "இருபடிக்கு எத்தனை நானோமீட்டர்னு எழுதியிருக்கே, சரியாப் பாரு." அடித்து 500 என்று திருத்தினேன். பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் காலேஜ்ல பீக்கர் நீ கழுவு, விளக்கம் நான் சொல்றேன்."

சந்தேகம் உள்ளவர்கள் மதிய உணவு இடைவேளையில் வேதியியல் லேபுக்கு வாருங்கள். இரண்டு குழாய்களையும் வைத்திருக்கிறோம். டார்ச் அடிப்பது நான், விளக்கம் சொல்வது அவள்.



— 12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி